தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே

கீழ் வீட்டுப் பாட்டியம்மாள் மாடிப்படி ஏறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, அவளுடைய கையில் ஒரு வெண்கலக் கிண்ணம் இருந்தது. பண்டிகை நாள் ஒன்றுமில்லை என்று தெரிந்திருந்தும், "பாயசமாக இருக்குமோ?" என்று எனக்கு ஒரு க்ஷணம் சபலம் தட்டியது. எட்டிப் பார்த்தேன். பாயசம் இல்லை, கால் கிண்ணம் கலங்கல் தண்ணீர் இருந்தது.

"தம்பி! கோபித்துக் கொள்ளக் கூடாது. இது உங்கள் வீட்டுத் தண்ணீர். உடையவர்களிடம் திருப்பிக் கொடுத்து விட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றாள் பாட்டியம்மாள்.

அது 2019-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். சென்னையில் மழை பிடித்துக் கொண்டிருந்த சமயம். ஆகையால், "மழைக் காலம் அல்லவா, பாட்டி? எல்லார் வீட்டிலும்தான் ஒழுகுகிறது" என்று சமாதானம் சொன்னேன்.

"மழை என் வீட்டுக்குள் வர வேண்டுமானால், முதலில் உங்கள் வீட்டில் அல்லவா பெய்ய வேண்டும்?" என்று அவள் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கூடவே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுவரில் பதித்த சிறு பூஜை மாடம். அதற்கு நேர் மேலே கூரையில் வெள்ளை உப்புப் பூத்த ஒரு வட்டம். அந்த வட்டத்தின் நடுவில் ஒரு துளி மெள்ள மெள்ளத் திரண்டு, சற்று யோசித்து, பிறகு குறி பார்த்தாற்போல் குத்துவிளக்கின் திரி மேல் விழுந்தது. அன்று சாயங்காலம் மட்டும் விளக்கு மூன்று தடவை அணைந்து விட்டதாம்.

"அபசகுனம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், தம்பி. ஆனால் வயசான காலத்தில் ஒரு விளக்கை எத்தனை தடவைதான் ஏற்றுவது?" என்றாள்.

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாயிருந்திருக்கும். பதிலுக்கு நானும் கோபித்துக் கொண்டு மாடிக்கு வந்திருப்பேன். பாட்டியம்மாள் கோபித்துக் கொள்ளவில்லை. ஆகவே, அந்தத் துளி எங்கிருந்து வருகிறது என்று நானே கண்டுபிடித்தாக வேண்டியதாயிற்று. அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் செய்த தவறுகளையும், கடைசியில் கற்றுக் கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். மாடி வீடுகளில் குடியிருக்கும் வாசகர்களில் பலர் என்றைக்காவது ஒரு நாள் மேல் வீட்டுக்காரராகவோ கீழ் வீட்டுக்காரராகவோ இந்தத் துளியைச் சந்திக்கத்தான் போகிறார்கள்.

தொட்டி வந்த கதை

எங்கள் வீட்டு ஸ்நான அறையில் ஒரு "பாத்டப்" இருக்கிறது. நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. கட்டிடம் கட்டியவர், அதுவும் ஒரு அந்தஸ்து என்று எண்ணி, ஐந்தடி நீளத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு அக்ரிலிக் தொட்டியைச் சுவர் ஓரமாகப் பதித்துக் கொடுத்து விட்டார். அதில் வெந்நீர் நிரப்பிச் சாய்ந்து படுத்துக் கொண்டு ஸ்நானம் செய்வது மேல்நாட்டார் வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் படுத்ததில்லை. தொட்டிக்குள்ளே ஒரு வாளியை வைத்துக் கொண்டு, நின்றபடியே சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக் கொள்வதுதான் எங்கள் சம்பிரதாயம். ஊற்றும் தண்ணீரில் பாதி உடம்பின் மேலும், மீதிப் பாதி சுவரின் மேலும் விழும்.

இந்தத் தொட்டிக்கு உண்மையான மரியாதை வந்தது 2019-ஆம் வருஷக் கோடையில்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்தக் கோடையில் ஏறக்குறைய வறண்டு போயின. லாரித் தண்ணீருக்காகச் சென்னைவாசிகள் குடங்களுடன் காத்து நின்றார்கள். தண்ணீர் வந்த நாளில் எங்கள் வீட்டில் அண்டா, குண்டான், தவலை எல்லாம் நிரம்பிய பிறகு, தொட்டியும் விளிம்பு வரையில் நிரப்பப்பட்டது. அடுத்த தண்ணீர் வருவதற்குள் அது அடி வரையில் காலியாகி விடும். மறுபடியும் நிரப்புவோம். இப்படியே மாதக் கணக்கில் நடந்தது.

இதில் என்ன கெடுதல் நேரும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிறு பிள்ளைக் கணக்குத்தான்: ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இந்த அளவுள்ள தொட்டியில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்குள் 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதரும் இறங்கினால் மொத்தம் 250 கிலோ. அதாவது, 25 கிலோ அரிசி மூட்டைகள் பத்தைத் தொட்டிக்குள் அடுக்கி வைத்தது போல் ஆயிற்று. நிரம்பும்போது தொட்டி ஒரு நூலளவு கீழே அமிழ்கிறது; காலியாகும்போது மறுபடியும் மேலே எழுகிறது. ஆனால் பக்கத்தில் உள்ள சுவரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அமிழ்ந்து எழும் தொட்டிக்கும் அசையாத சுவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து உண்டு. சகல தொல்லைகளுக்கும் பிறப்பிடம் அந்தச் சந்துதான்.

வெள்ளை சிமெண்டு வைத்தியம்

பாட்டியம்மாள் வந்து போன மறுநாள், தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்நான அறையை ஒரு பார்வை பார்த்தார். தொட்டியின் விளிம்பில் பழைய அடைப்பு கறுத்துப் போய், அங்கங்கே வெடித்து, ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. "இவ்வளவுதானே, ஸார்! அரை மணி வேலை" என்று சொல்லி, வெள்ளை சிமெண்டைக் குழைத்து விளிம்பு நெடுகப் பூசி, ஈரத் துணியால் துடைத்து விட்டார். பார்ப்பதற்குக் கல்யாண வீட்டுச் சுவர் போலப் பளிச்சென்று இருந்தது.

எட்டாம் நாள் அந்தப் பளிச்சென்ற வெள்ளையில் தலைமயிர் போல் ஒரு கோடு ஓடிற்று. பத்தாம் நாள் பாட்டியம்மாளின் கிண்ணம் மறுபடியும் விளக்குக்கு மேலே ஏறியது.

கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் இடையே வெள்ளை சிமெண்டு வைப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அங்கே இரண்டு பக்கமும் ஒரே சுவரில் ஒட்டியவை. சேர்ந்தே அசைகின்றன, அல்லது சேர்ந்தே அசையாமல் இருக்கின்றன. தொட்டியின் விஷயம் அப்படியல்ல. எடையினால் ஏற்படும் அசைவு போதாதென்று, உஷ்ணத்தினால் ஏற்படும் அசைவும் இருக்கிறது. அக்ரிலிக் என்னும் பொருள், சூடேறினால் சிமெண்டைக் காட்டிலும் ஆறு ஏழு மடங்கு அதிகமாக விரியக் கூடியது. 1.5 மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகட்டின் உஷ்ணம் 30 டிகிரி உயர்ந்தால், அது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். சிமெண்டோ இறுகிய பிறகு கல். கல்லை அசைத்தால் கல் என்ன செய்யும்? வெடிக்கும்.

பிறகு நானே வைத்தியனானேன். கடைக்குப் போய் ஒரு குழாய் ஸிலிகோன் பசை வாங்கி வந்து, வெடித்த சிமெண்டின் மேலும், அதற்கடியில் இருந்த பழைய பசையின் மேலும் தாராளமாக அப்பினேன். இந்தத் தடவை கிண்ணம் ஒரு மாதம் ஓய்வெடுத்துக் கொண்டது. அப்புறம் ஒரு நாள், ஸ்நானம் செய்து கொண்டிருக்கும்போது, நான் அப்பிய பசையின் ஒரு முனை சுவரிலிருந்து தொங்கிக் கொண்டிருப்பதைக் கண்டேன். விரலால் இழுத்தேன். பூமாலையைக் கழற்றுவது போல் ஒரு சிரமமும் இல்லாமல் முழுவதும் கையோடு வந்து விட்டது!

நெகிழ்ந்து கொடுப்பதன் பெருமை

இரண்டு தடவை தோற்ற பிறகுதான், இந்தப் பசை என்பது என்ன, அது ஏன் ஒட்டுகிறது, ஏன் ஒட்டாமற் போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

நம் முன்னோர்கள் இந்தச் சங்கடத்தை அறியாதவர்கள் அல்லர். மரக்கலங்களில் பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தை அடைக்கும் வேலைக்குத் தமிழில் "கலப்பற்று" என்று பெயர். பழைய மெத்தை வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து இடித்துத் தளம் போட்டார்கள். சுண்ணாம்புத் தளம் சிமெண்டைப் போல் விறைப்பானதல்ல. கட்டிடம் சிறிது அசைந்தால் தானும் சிறிது இணங்கும். மயிரிழை வெடிப்புகளில் இறங்கும் ஈரம், சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு போய் வெடிப்பிலேயே படிய வைத்து, அதை ஓரளவு மூடியும் விடும். கடினமாயிருப்பதைக் காட்டிலும் இணங்கிப் போவது தண்ணீருக்கு நல்ல அணை என்பதைக் கைப்பழக்கத்தினாலேயே அவர்கள் தெரிந்து கொண்டிருந்தார்கள்.

ஸிலிகோனின் கதை வேறு தேசத்தில் ஆரம்பமாகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துக் கல்லூரியில் பிரெடரிக் கிப்பிங் என்று ஒரு ரஸாயனப் பேராசிரியர் இருந்தார். மணலில் பெரும் பங்கு வகிக்கும் ஸிலிகான் என்ற மூலப்பொருளைக் கொண்டு ஏறக்குறைய 40 வருஷ காலம் அவர் ஆராய்ச்சி நடத்தினார். அவருக்கு வேண்டியது அழகான பளிங்குப் படிகங்கள். கிடைத்ததோ பெரும்பாலும் பிசுபிசுவென்ற பசை. அந்தப் பசையினால் உலகத்துக்கு ஒரு பிரயோஜனம் விளையும் என்ற நம்பிக்கை 1930-களில் கூட அவருக்கு இல்லை. ஆனால் 1940-ல் அமெரிக்காவில் யூஜீன் ரோச்சோ என்பவர் மேற்படி பொருளை மலிவாகச் செய்வதற்கு வழி கண்டார். 1943-ல் அதைத் தயாரிப்பதற்கென்றே ஒரு கம்பெனி அமெரிக்காவில் ஏற்பட்டது. 1969-ல் சந்திரனில் கால் வைத்தவர்கள் அணிந்திருந்த பாதரட்சைகளின் அடிப்புறம் ஸிலிகோன் ரப்பரினால் ஆனது. பேராசிரியர் கிப்பிங் 1949-லேயே காலமாகி விட்டார். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ரப்பராக மாறுகிறது. மாறிய பிறகு நல்ல தரமான பசை, தான் நிரப்பியிருக்கும் சந்தின் அகலத்தில் கால் பங்கு விரியவும் கால் பங்கு சுருங்கவும் கூடியது. அதாவது, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சந்தானால் 1.5 மில்லிமீட்டர் அசைவைத் தாங்கும். ஆனால் அதற்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஈரக் காற்று வேண்டும் என்கிற இந்தப் பசை, ஈரச் சுவரின் மேல் ஒட்டாது. மற்றொன்று இன்னும் விசித்திரமானது: இறுகிப் போன பழைய ஸிலிகோனின் மேல் புதிய ஸிலிகோன் சரியாக ஒட்டாது. நான் பூமாலை போலக் கழற்றியதற்குக் காரணம் இந்த இரண்டாவது பிடிவாதம். பழைய அழுக்கின் மேல் புதிய பூச்சு நிற்காது என்பது மனிதர்களுக்குள் மட்டும் உள்ள நியாயமல்ல போலிருக்கிறது.

குற்றவாளி யார்?

விளிம்பைச் சரி செய்வதற்கு முன்னால், குற்றவாளி விளிம்புதானா என்று நிச்சயம் செய்து கொள்வது அவசியம். தண்ணீர் இறங்கும் இடம் ஒன்று; வெளிப்படும் இடம் வேறொன்று. தளத்துக்குள் புகுந்த தண்ணீர், வழி கிடைத்த பக்கமெல்லாம் போய், இரண்டு கஜத்துக்கு அப்பால் அடுத்த அறையில் தலை காட்டும். பாட்டியம்மாளின் பூஜை மாடம் எங்கள் தொட்டிக்கு நேர் கீழே இருக்கவில்லை. அதற்கு அடுத்த அறையில் இருந்தது.

சோதனைக்கு விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். முதல் இரண்டு நாள் அந்த ஸ்நான அறையை ஒருவரும் உபயோகிக்கக் கூடாது. அப்படியும் கீழே சொட்டிக் கொண்டேயிருந்தால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கலாம். சொட்டு நின்று விட்டால் அடுத்த சோதனை. தொட்டியின் அடைப்பானை மூடி, சுவரில் ஒரு துளி கூடத் தெறிக்காமல், நிரம்பி வழிவதற்காக வைத்திருக்கும் துளைக்குக் கீழ் வரையில் தண்ணீர் விட வேண்டும். நீர் மட்டத்தில் ஒரு அடையாளம் செய்து ஓர் இரவு விட்டு வைக்கவேண்டும். மட்டம் இறங்கி, கீழேயும் சொட்டினால் தொட்டியில் விரிசல் இருக்கலாம். அடைப்பான் பொருந்தியிருக்கும் இடத்திலும் கசியலாம். மூன்றாவதாக, அடைப்பானைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வெளியே விட வேண்டும். அப்போது சொட்டினால் கழிவு நீர்க் குழாய் இணைப்பில் கோளாறு. நான்காவதாக, ஒரு நாள் இடைவெளி விட்டு, விளிம்பு நெடுகச் சொம்பினால் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் கீழே சொட்டுகிறதென்றால், குற்றவாளி விளிம்பு.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் அவகாசம் கொடுப்பது நலம். தளத்துக்குள் தண்ணீர் நிதானமாகவே நடக்கும். எங்கள் வீட்டில் முதல் மூன்று சோதனைகளிலும் கிண்ணம் உலர்ந்திருந்தது. நான்காவது சோதனை நடந்த அன்று ராத்திரி, "தம்பி! வந்து விட்டது" என்று பாட்டியம்மாள் மாடிப்படியின் அடியில் நின்று குரல் கொடுத்தாள். காத்திருந்த விருந்தாளி வந்து விட்டது போல் அவ்வளவு உற்சாகமாக இருந்தது அவள் குரல்!

இன்னும் ஒரு விஷயம். தொட்டிக்குள் ஏறி நின்று, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிப் பாருங்கள். தொட்டி ஆடினாலும், அடியில் "தொம் தொம்" என்று வெற்றோசை கேட்டாலும், அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று அர்த்தம். முதலில் கொத்தனாரைக் கொண்டு அடித்தாங்கலைச் சரி செய்ய வேண்டும். ஆடும் தொட்டியை உலகத்தில் எந்தப் பசையாலும் சுவரோடு சேர்த்து வைக்க முடியாது.

பழையதைக் களைதல்

வேலையில் முக்கால் பங்கு, புதிய பசையைத் தொடுவதற்கு முன்பே முடிந்து விடுகிறது. இதை அறியாமல்தான் நானும் கொத்தனாரும் அரை மணியில் காரியத்தை முடித்தோம்.

பழைய பசையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கூரான கத்தியால் கோடு கிழித்தால், நடுப்பாகம் நாடா போல் உரிந்து வரும். அக்ரிலிக் தொட்டியின் மேல் இரும்புக் கத்தியைச் சாய்த்துச் சுரண்டினால் ஆறாத கீறல் விழும்; அந்தப் பக்கத்துக்குப் பிளாஸ்டிக் சுரண்டியே நல்லது. வெள்ளை சிமெண்டு இருந்தால் அதையும் பெயர்த்தெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று மிச்சமிருக்கும். விரலால் தடவினால் வழுவழுவென்று தெரிவிக்கும். அது போகும் வரையில் சுரண்டித் துடைக்க வேண்டும். கடைசியில் ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால், சோப்பின் பிசுக்கும் நீங்கும்.

சந்துக்குள் கறுப்பாகப் பூஞ்சக்காளான் படிந்திருந்தால், தண்ணீர் கலந்த பிளீச்சிங் திராவகத்தைத் தடவிக் கழுவலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் ஸ்நான அறை கழுவுவதற்கு ஆஸிட் உபயோகிக்கும் வழக்கம் உண்டு. பிளீச்சிங்கும் ஆஸிட்டும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே அபாயம். ஒன்றை உபயோகித்த இடத்தில் மற்றொன்றைக் கொண்டு போகவே கூடாது.

பிறகு உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் மேற்புறம்தான் உலர்கிறது. சந்துக்குள் பல மாதங்களாகக் குடியிருக்கும் ஈரம் அவ்வளவு சீக்கிரம் காலி செய்யாது. ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, இரண்டு நாள் காத்திருப்பது உத்தமம். எங்கள் வீட்டில் இந்த இரண்டு நாளும் குடும்பத்தார் நால்வரும் இன்னொரு சிறு ஸ்நான அறையின் வாசலில் வரிசையில் நின்றோம். அப்போது என்னைப் பற்றி வெளியான அபிப்பிராயங்களை இங்கே எழுத இடம் போதாது.

புதியதை இடுதல்

கடையில் "சிலிகான்" என்று கேட்டாலே கொடுப்பார்கள். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. ஸ்நான அறைக்கென்று செய்த, பூஞ்சக்காளானைத் தடுக்கும் மருந்து சேர்ந்த ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். காடி போல் நெடியடிக்கும் ரகம் கண்ணாடிக்கும் டைல்ஸின் பளபளப்பான மேற்புறத்துக்கும் சரி. சலவைக் கல்லிலும் சிமெண்டுப் பூச்சிலும் அதன் புளிப்பு கறை உண்டாக்கும், பிடிப்பும் குறையும். அந்த இடங்களுக்கு "நியூட்ரல்" என்று எழுதிய ரகம் வேண்டும். குழாயின் மேல் அச்சிட்ட தேதியையும் கவனியுங்கள். வெகு நாளாகக் கடையில் கிடந்த பசை இறுகவே இறுகாமல் சதி செய்யும். மூன்று பக்கம் சுவர் சூழ்ந்த தொட்டிக்கு விளிம்பின் நீளம் சுமார் 3 மீட்டர். 280 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குழாய் தாராளமாகப் போதும்.

இப்போது மிக முக்கியமான ரகசியம். பசையை இடுவதற்கு முன்னால் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி விட வேண்டும். விளிம்பில் தண்ணீர் தெறிக்காமல், அடியில் குழாயை விட்டு மெதுவாக நிரப்ப வேண்டும். எடையினால் தொட்டி அமிழ்ந்து, சந்து தன்னால் ஆன மட்டும் அகலமாகி விடும். அந்த நிலையில் பசை இட்டு இறுக விட்டால், பிற்பாடு தொட்டி காலியாகும்போது பசை சற்று நசுங்குமே தவிர, இழுபட்டுக் கிழியாது. காலித் தொட்டியில் இட்டாலோ, முதல் தடவை தண்ணீர் நிரப்பும்போதே இழுபட ஆரம்பித்து விடும்.

சந்து மிகவும் ஆழமாயிருந்தால், முதலில் உள்ளே நுரைக் கயிறு ஒன்றைத் திணிக்க வேண்டும். பசை இரண்டு பக்கங்களில் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பரைப் போல் தாராளமாக நீளும். மூன்றாவதாக அடிப் பக்கத்திலும் ஒட்டிக் கொண்டால் இழுக்கும்போது கிழியும். சந்தின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழாயின் மூக்கைச் சந்தின் அகலத்துக்குச் சாய்வாக வெட்டி, துப்பாக்கி போன்ற கருவியில் பொருத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் நிறுத்தாமல் இட்டுக்கொண்டு போக வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவை வழித்து, மேற்புறம் ஆடை கட்டுவதற்குள், அதாவது பத்து நிமிஷத்துக்குள், டேப்பை உரித்து விட வேண்டும். திருப்தி ஏற்படவில்லை என்று இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை தடவினால், வருவது அழகல்ல, அலங்கோலம்.

அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. பசை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழந்தான் உள்ளே இறுகும். 24 மணி நேரம் என்று குழாயின் மேல் எழுதியிருந்தாலும், 48 மணி நேரம் விடுவது நல்லது. அது வரையில் தொட்டித் தண்ணீர் தொட்டியிலேயே இருக்கட்டும்.

வராமல் காத்தல்

ஒரு தடவை நன்றாக இட்ட பசை பல வருஷம் உழைக்கும். அதன் ஆயுளைக் குறைப்பவை மூன்று: தேங்கும் தண்ணீர், மூடிய அறை, கடுமையான மருந்து. ஸ்நானம் முடிந்ததும் விளிம்பை ஒரு துணியால் துடைத்து விடுவது அரை நிமிஷ வேலை. ஜன்னலையோ எக்ஸாஸ்ட் விசிறியையோ சிறிது நேரம் திறந்து வைத்தால் பூஞ்சக்காளானுக்கு இடமில்லை. விளிம்பின் மேல் சோப்புப் பெட்டி, எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய் டப்பா ஆகியவற்றை வரிசையாக வைக்காதீர்கள். அவற்றின் அடியில்தான் ஈரம் தங்குகிறது. ஆஸிட்டை அந்தப் பக்கம் காட்டவே வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை விளிம்பு நெடுக விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கேயாவது முனை எழும்பியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, உலர்த்தி, புதிதாக இடலாம். அப்போது அது ஒரு மணி வேலை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், தளத்தைப் பெயர்க்கும் வேலையாகிவிடும்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. தளத்துக்குள் இறங்கும் ஈரம் அங்கே உள்ள இரும்புக் கம்பிகளைத் துருப் பிடிக்கச் செய்கிறது. துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்வது. அது உள்ளிருந்து நெட்டித் தள்ளக் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. விழுவது கீழ் வீட்டார் தலையில். நம் வீட்டுத் தரை என்று நாம் நினைப்பது அவர்களுடைய வீட்டுக் கூரை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த ஒரு தளத்தைப் பற்றி மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவருக்குத் தெரியும்படி கீழே இருப்பவர் வந்து சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எத்தனை அடுக்கு வீடுகளில் இந்த ஒரு பேச்சு வழக்காகி, வக்கீல் வரையில் போய், குழந்தைகள் கூடப் பேசிக் கொள்ளாத பகையாக முடிந்திருக்கிறது! ஒரு விரற்கடை அகலமில்லாத சந்தின் வழியாகத் தண்ணீர் மட்டுமா இறங்குகிறது?

எங்கள் வீட்டு விளிம்பைச் சரி செய்து முடித்த பிறகும் பாட்டியம்மாள் கிண்ணத்தை விளக்குக்கு மேலிருந்து எடுக்கவில்லை. "இருக்கட்டும், தம்பி. எனக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை" என்று சொல்லி விட்டாள். இரண்டு தடவை ஏமாந்தவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் நாள் தோறும், பிறகு வாரத்துக்கு ஒரு நாள் நான் இறங்கிப் போய்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்து வந்தேன். மார்கழி போயிற்று, தை போயிற்று. மாசி மாதத்தில் ஒரு நாள் பார்த்தபோது, கிண்ணத்தின் அடியில் மெல்லியதாகத் தூசி படிந்திருந்தது.

"பாட்டி! இனிமேல் கிண்ணத்தை எடுத்து விடலாமே?" என்றேன்.

பாட்டியம்மாள் கிண்ணத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"எடுத்து விட்டேன், தம்பி. ஆனால் அதற்காக நீ வருவதை நிறுத்தி விடாதே" என்றாள்.